மம்சார் மணலில் மூழ்கிய பாய்மரப் படகு

வளைகுடாவில் ஐந்து வருடம் வேலை பார்த்தவனிடம் காலி இடம் எதையும் காட்டக் கூடாது. பால்கனியோ, மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலையோ, எதுவாக இருந்தாலும் கண் தானாக அளக்க ஆரம்பித்துவிடும். இங்கே ஒரு கட்டில் போடலாம், அங்கே ப்ளைவுட்டில் ஒரு தடுப்பு அடிக்கலாம், நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டால் இரண்டு பேருக்கு வாடகைக்கு விடலாம். இது ஒரு வியாதி. எனக்கு முற்றிப்போயிருந்தது. மனைவியோடு கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே பாய்மரப் படகில் ஒரு வாரம் போக நான் போட்ட திட்டம் இந்த வியாதியில்தான் செத்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுப்பகுதி அது. நான் துபாய் தெய்ராவில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி வாசுகி ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். ஷார்ஜாவிலேயே ரோலா என்ற பகுதியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஷேரிங் ஃப்ளாட்டில் குடியிருந்தோம். ஓர் அறை எங்களுக்கு. இன்னொரு அறை நவாஸ் பாய்க்கு. அதிராம்பட்டினத்துக்காரர், ரோலாவில் பெட்டிக்கடை வைத்திருந்தார் (வெற்றிலை பாக்குக் கடை இல்லை, சூட்கேஸ் கடை). அவர் மனைவி சபூராக்கா, இரண்டு பெண் பிள்ளைகள். ஹாலில் ப்ளைவுட் தடுப்புக்குப் பின்னால் வள்ளியூர் தங்கராசு. அவன் பார்த்தது கட்டட வரைபடம் போடும் ட்ராஃப்ட்ஸ்மேன் வேலை, விசாவில் எழுதியிருந்தது தச்சர். இத்தனை பேருக்கும் ஓர் அடுப்படி, ஒரு பாத்ரூம்.

பாத்ரூமுக்கு முறை உண்டு. காலையில் வாசுகிக்குக் கால் மணி நேரம். அது முடிவதற்குள் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். யாரும் கோபத்தில் தட்டுவதில்லை, சும்மா ஒரு ஞாபகத்துக்காகத்தான். நவாஸ் பாய் ஒற்றை விரலால் தட்டுவார். தங்கராசு தட்டவே மாட்டான், வெளியே நின்று தொண்டையைக் கனைப்பான். தட்டுவதே தேவலை என்று வாசுகி சொல்வாள்.

வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. லீவு என்றால் ஊருக்குப் போவது, அதற்கு இன்னொரு அர்த்தம் இருப்பதாக எங்களில் யாருக்கும் தெரியாது. சோப்பு, கோடாலித் தைலம், டார்ச் லைட், சென்ட் பாட்டில், பால் பவுடர் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக் கயிறு கட்டிக் கொண்டுபோய், புதுக்கோட்டையில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கொடுத்து, கிடைக்காதவர்களின் மூஞ்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். ஐந்தாவது வருடம், லீவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, வாசுகி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இந்த லீவுக்கும் ஊருக்குப் போயி ஆளுக்கொரு சோப்பு குடுக்குறதா இருந்தா, நான் அங்கயே தங்கிடுறேங்க. நீங்க மட்டும் திரும்பி வாங்க."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. கோபத்தில் சொன்னதை வாசுகி அரை நாளில் மறந்துவிடுவாள். நறுக்கியபடி நிதானமாகச் சொன்னால் செய்துவிடுவாள். மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டு, கட்டில் ஒன்றை மட்டும் வாடகைக்கு எடுக்கும் பெட் ஸ்பேஸுக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் ரோலா பூங்காவில் போன் கார்டைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வாசுகியை ரொம்பப் பிடிக்கும். அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, அறைக் கதவை ஒட்டித்தான் தங்கராசின் கட்டில் இருந்தது.

"வேற எங்க போகணும்?" என்று கேட்டேன்.

அவள் அறைக்குள் போய் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது, கிளினிக்கில் நோயாளிகள் புரட்டும் ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்தது. நீலக் கடல். தூரத்தில் வெள்ளை வீடுகளோடு ஒரு தீவு. நடுவில் வெள்ளைப் பாய் விரித்த ஒரு படகு. அதன் முனையில் கால்களைத் தொங்கவிட்டு ஒரு பெண், பின்னால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆண்.

"கிரீஸாம்," என்றாள். "தெனம் டூட்டி முடிஞ்சு வந்து ஒரு தடவ பாப்பேன்."

நானும் பார்த்தேன். நல்ல படகு. எத்தனை பேர் படுக்கலாம் என்று தெரியவில்லை.

மறுநாளே ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி, ஏதென்ஸில் படகு வாடகைக்கு விடும் ஒரு கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். எலெனி என்ற பெண் பதில் எழுதினாள். படகில் வருபவர்களுக்குக் கடல் அனுபவம் உண்டா என்று கேட்டாள். உண்டு, தினமும் என்று எழுதினேன். (பொய் இல்லை. ஆபீஸ் வேலையாகத் தெய்ராவிலிருந்து பர்துபாய்க்குத் தினமும் கடற்கழியைத் தாண்டிப் போய் வருவேன். ஒரு திர்ஹாம் கொடுத்தால் மரப் படகில் பலகையில் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவார்கள்.) எத்தனை வருட அனுபவம் என்று கேட்டாள். ஐந்து என்றேன். அடுத்த கடிதத்திலிருந்து என்னை 'அன்புள்ள கேப்டன்' என்று அழைக்க ஆரம்பித்தாள். திருத்தலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் என்னை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. அதன் பிறகு அவள் படகின் வரைபடத்தை அனுப்பினாள்.

நான்கு கேபின், இரண்டு பாத்ரூம். நடுவில் ஒரு ஹால், அதில் மேஜையை இறக்கினால் கட்டிலாகும். வாடகை முழுப் படகுக்கு. அதை அச்செடுத்துப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். ஒரு கேபின் எங்களுக்கு, ஒன்று படகோட்டிக்கு. மீதி இரண்டு கேபினும் ஹாலும் ஒரு வாரம் முழுக்கச் சும்மா கடலில் போய்க்கொண்டிருக்கும். பஸ் ரோலாவுக்கு வருவதற்குள் ஒரு கேபினை மனதுக்குள் நவாஸ் பாய்க்கு விட்டுவிட்டேன்.

கடைக்கே போய்ச் சொன்னேன். பாய் வரைபடத்தை ஒரு சூட்கேஸின் மேல் விரித்துப் பார்த்தார்.

"இது எந்த ஏரியா செல்வம்?"

"மெடிட்டரேனியன் பாய்."

"நம்ம வீட்ல புள்ளைங்கள இதுவரைக்கும் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல," என்றார். "சரி, நமக்கு ஒரு ரூமு போட்டுரு. வாசுகிக்குத் தெரியுமா?"

"சர்ப்ரைஸ் பாய். நீங்க வர்றது தெரியக் கூடாது."

இரவு சமையலின்போது சபூராக்கா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, தெனம் பாக்குற எங்க மொகத்தையே அங்க கொண்டுபோய்க் காட்டுறதுல என்ன சர்ப்ரைஸு இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் ஒழுங்காக யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். ஆளுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று அவருக்கு விளக்கினேன்.

தங்கராசு வரைபடத்தைப் பார்த்ததும் தொழில்முறையில் கிளர்ச்சி அடைந்தான். "அண்ணாச்சி, ஹால் எனக்கு. இந்தா, பாய்மரம் நிக்குதுல்லா, அதுக்குப் பின்னால எடம் சும்மா கெடக்கு பாத்துக்கிடுங்க. ரெண்டு ஷீட் ப்ளைவுட் இருந்தா ஒரு ரூமு எறக்கிரலாம்," என்றான். எலெனியிடம் கேட்டேன். ப்ளைவுட் கூடாது என்று பதில் வந்தது. படகோட்டி பகலில் படகு ஓட்டுவதால் அவர் கேபின் பகல் முழுக்கக் காலியாகத்தானே இருக்கும், அதைப் பகலில் தூங்குபவர் யாருக்காவது தரலாமா என்றும் கேட்டிருந்தேன். (அபுதாபி முசஃபாவில் தொழிலாளர் கேம்ப்களில் அப்படித்தான். ஒருவர் டூட்டிக்குப் போக, இன்னொருவர் அதே கட்டிலில் வந்து படுப்பார்.) அதற்கு அவள் இரண்டு நாள் பதிலே எழுதவில்லை.

இன்னும் ஒரு கேபின் மிச்சம் இருந்தது. என்னால் தூங்க முடியவில்லை. ரோலாவில் ஜெராக்ஸ் கடைச் சுவரில், அறை வாடகைக்கு என்ற நோட்டீஸ்களுக்கு நடுவே, நானும் ஒன்று ஒட்டினேன்.

'கிரேக்கத் தீவுகளில் பாய்மரப் படகு. ஃபேமிலி ரூம் ஒன்று காலி. தமிழ்க் குடும்பம் மட்டும். சமையல் அனுமதி உண்டு. ஏசி கிடையாது, காற்று வரும்.'

வாசுகிக்குத் தெரியக் கூடாது என்பதால் தங்கராசின் மொபைல் எண்ணைப் போட்டேன். அவன் வேலையைக் கெடுக்கும் அளவுக்குப் போன் வந்தது. பார்க்கிங் உண்டா என்று கேட்டார்கள். பஸ் ஸ்டாப் பக்கமா என்று கேட்டார்கள். ஒருவர் தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டார். கடைசியில் அஜ்மானிலிருந்து ஒரு தம்பதி சிக்கினார்கள். அந்த அம்மாள் அட்டாச்டு பாத்ரூம் இருந்தால்தான் வருவேன் என்றார். உண்டு என்று தங்கராசு சொல்லிவிட்டான். அது எங்கள் கேபினுக்கும் அட்டாச்டு என்பதைச் சொல்லவில்லை.

எல்லோரும் சேர்ந்து இடத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நவாஸ் பாய் யோசனை சொன்னார். வாடகைக்குப் போகுமுன் ரூமைப் பார்ப்பதுதானே முறை. படகு கிரீஸில் இருந்தது. தங்கராசு, "அதுக்கென்ன, ஒண்ணுக்கு ஒண்ணு ஸ்கேல்ல தரையில வரைஞ்சிருவோம்," என்றான். அந்த வாரம் வெள்ளிக்கிழமை வாசுகிக்கு மாலை வரை டூட்டி. ஜும்மா தொழுகை முடிந்ததும் பாயின் கடை வேனில் பிரியாணிச் சட்டியை ஏற்றிக்கொண்டு, ஃப்ளாட்டைப் பூட்டிக்கொண்டு, மொத்தப் பேரும் மம்சார் கடற்கரைக்குப் போனோம்.

தங்கராசு துணி காயப்போடும் கயிற்றைக் குச்சிகளில் கட்டி, மணலில் படகை வரைந்தான். கேபின்கள், பாத்ரூம்கள், அடுப்படி, எதையும் விடவில்லை. பாய்மரத்துக்குக் கடற்கரைக் குடை ஒன்றை நட்டான். படகின் முனை கடலைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது என் யோசனை, முன் கேபின் எனக்கும் வாசுகிக்கும். நவாஸ் பாய் சாமான்களுக்கு இடம் போதுமா என்று பார்க்கக் கடையிலிருந்து பெரிய சிவப்பு சூட்கேஸ் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் அவரவர் கேபினுக்குள் போய் நின்றோம்.

சுற்றிலும் வெள்ளிக்கிழமைக் கூட்டம். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மீன் பொரிச்சா பொகை எங்கிட்டுப் போவும்?" என்று அடுப்படிக்குள்ளிருந்து சபூராக்கா கேட்டார்.

"கடலுக்குக்கா."

"படகு திரும்பிக்கிட்டே இருக்குமே, தொழுகைக்கு கிப்லா எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?" என்றார் பாய்.

"கேப்டன்ட்ட காம்பஸ் இருக்கும்," என்றான் தங்கராசு. எலெனியின் கடிதங்களைப் படித்திருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

அஜ்மான் அம்மாள் கயிற்றைத் தாண்டி பாத்ரூமுக்குள் போனார். அந்தப் பக்கம் இன்னொரு கதவு இருப்பதைக் கண்டுபிடித்தார். "இது யாருக்கு?" என்றார். எனக்குத்தான் என்றேன். உடனே காலையில் யாருக்கு எத்தனை மணி என்று பேச்சு ஆரம்பித்தது. ரோலாவின் முறையையே வைத்துக்கொள்ளலாம் என்று பாய் சொன்னார். அஜ்மானில் அரை மணி நேரம் வழக்கம் என்று அந்தக் கணவர் சொன்னார். குரல்கள் உயர்ந்தன.

கடற்கரைக் காவலர், ஒரு பாகிஸ்தானிப் பட்டான், மெதுவாக நடந்து வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார்.

"யே க்யா ஹை, பாய்?" இது என்ன என்று கேட்டார்.

"போட் ஹை," என்றேன்.

படகை முனையிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்தார். "பானி ஆ ரஹா ஹை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். பாத்ரூம் தகராறில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

முதலில் முன் கேபின் போனது. கணுக்கால் வரை தண்ணீர் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பாத்ரூமுக்குள் ஓடினேன். அஜ்மான் அம்மாள், "இப்ப எங்க டைம்," என்றார். அடுத்த அலை பாத்ரூமையும் எடுத்துக்கொண்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாலுக்கு ஓட, கயிறு காலில் சிக்கி அஜ்மான் கணவர் தங்கராசின் மேல் விழுந்தார். பாய்மரம் சாய்ந்தது. பிரியாணிச் சட்டியைச் சபூராக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டார். நவாஸ் பாய் மட்டும் தண்ணீரைப் பார்த்து, "பெட்டி! பெட்டி!" என்று கத்தினார். சிவப்பு சூட்கேஸ் நிமிர்ந்து நின்று நிதானமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. அந்தத் திட்டத்தில் உண்மையிலேயே கடலில் பயணம் செய்தது அது ஒன்றுதான். பட்டான் விசிலை ஊதிவிட்டு நீந்திப் போய் அதைப் பிடித்து வந்தார். கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். சூட்கேஸைப் பாயிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "போட் கலாஸ்?" என்று கேட்டார், படகு முடிந்ததா என்று.

"கலாஸ்," என்றேன்.

ஈரத் துணியோடு, மணலோடு, லிஃப்டில் கூடச் சண்டையை நிறுத்தாமல் ஃப்ளாட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்தால் ஹால் சோபாவில் வாசுகி. கிளினிக்கில் கூட்டம் இல்லையென்று மதியமே அனுப்பிவிட்டார்களாம். தலை குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தாள். காலைத் தூக்கி மேஜைமேல் வைத்து, கையில் டீயோடு, ஏதோ பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எங்களைப் பார்த்ததும் பாட்டு நின்றது, காலும் இறங்கியது.

"என்னங்க இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கராசு திறந்துவிட்டான். "பயப்படாதீங்க மதினி. முன்பக்க கேபின்தான் முங்கிட்டு. உங்களப் பின்னால மாத்திக்கிடலாம்."

அஜ்மான் அம்மாள் முன்னால் வந்து வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் வாசுகியா? கிரீஸ்ல நமக்கு ஒரே பாத்ரூம். நான் காலையில சீக்கிரம் எந்திரிச்சிருவேன், உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

வாசுகி கையை விடுவித்துக்கொண்டாள். அறைக்குள் போனாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. படத்தைக் கையில் எடுத்து வந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இதுல எத்தன பேரு இருக்காங்க?"

"ரெண்டு," என்றேன்.

"நல்லா எண்ணிப் பாருங்க. நீங்கதான் அக்கவுண்டன்ட் ஆச்சே."

"ரெண்டு பேருதான்."

நவாஸ் பாய் எட்டிப் பார்த்தார். "போட்டோ எடுத்தவன் ஒருத்தன் இருப்பான்ல?" என்றார். சபூராக்கா அவரைக் கிள்ளிய இடம் ஒரு வாரம் சிவந்திருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் அவள் பார்த்துக்கொண்டிருந்த படத்தை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். அந்த இரண்டு பேரைத் தவிர அதில் ஆளே இல்லை. அது தெரியாமல் அந்த வெற்றிடத்துக்கு நான் நோட்டீஸ் ஒட்டி ஆள் பிடித்திருந்தேன். இனி ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான், ஒருவழி டிக்கெட் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

வாசுகி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் வெளிய இருந்தீங்க?"

"மூணு மணி நேரம் இருக்கும்."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அடுத்த வெள்ளிக்கிழமையும் போவீங்களா?"

யாருக்கும் புரியவில்லை.

"நான் வந்தப்ப வீட்ல ஒருத்தரும் இல்ல," என்றாள். "ஒரு மணி நேரம் குளிச்சேங்க. யாரும் தட்டல. யாரும் கனைக்கல. தண்ணி நின்னதுக்கப்புறமும் சும்மா உள்ளயே உக்காந்திருந்தேன்." சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. தங்கராசு தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு கிரீஸெல்லாம் வேணாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் குடுங்க. நான் ஊருக்குப் போகல."

அந்த வருட லீவில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சபூராக்காவே எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெயிலில் மம்சாரில் உட்கார்ந்திருந்தோம். பட்டான் தூரத்திலிருந்தே சல்யூட் வைத்தார். அதற்கு நாங்கள் 'கிரீஸ் போவது' என்று பெயர் வைத்தோம். நான்கு வாரம் கழித்துச் சபூராக்கா தனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வேண்டும் என்றார். ஒரு வாரம் வாசுகிக்கு, ஒரு வாரம் அக்காவுக்கு என்று அதையும் பிரித்துக் கொடுத்தேன். தங்கராசும் கேட்டான், அவனுக்குக் கொடுக்கவில்லை.

இப்போது புதுக்கோட்டையில் சொந்த வீடு. இரண்டு பாத்ரூம், எங்கள் இருவரையும் மகளையும் தவிர ஆள் கிடையாது. எலெனியின் கம்பெனியிலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் 'அன்புள்ள கேப்டன்' என்று விளம்பரம் வந்துகொண்டிருக்கிறது. வாசுகியும் வாரத்துக்கு ஒரு நாளாவது, "என்னங்க, கொஞ்சம் கிரீஸ் போயிட்டு வாங்க," என்பாள். நான் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெரு வரை போய் வருவேன்.

போன மாதம் அப்படிப் போயிருந்தபோது, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வங்கி மேலாளரும் அவர் மனைவியும் அறிமுகம் செய்துகொள்ள வந்திருக்கிறார்கள். அப்பா இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிரீஸ் போயிருக்காரு," என்றிருக்கிறாள். அவர்கள் மிகுந்த மரியாதையோடு சோபாவில் உட்கார்ந்திருந்த நேரத்தில், கையில் கொத்தமல்லிக் கட்டோடு நான் உள்ளே நுழைந்தேன்.

மேலாளர் பதறி எழுந்தார். "சார், கிரீஸ்ல இருக்கீங்கன்னு பாப்பா சொன்னாளே?"

வாசுகி அடுப்படி வாசலில் நின்று, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்," என்றேன். "காத்து சரியில்ல, திரும்பிட்டேன்."